வாரா, திருகாணியா?

கோடை பிறந்துவிட்டால் வன்னிப் பெருநிலத்தில் மேளச் சத்தம் கேளாத கிழமை அரிது. வற்றாப்பளையிலே கண்ணகை அம்மனுக்குப் பொங்கல். ஒட்டுசுட்டானிலே தான்தோன்றீசுவரர் வீதியுலா. கிளிநொச்சியிலே கந்தசுவாமி கோயில். வவுனியாவிலே கோவிற்குளத்துச் சிவன் கோயில். ஊருக்கு ஊர் கொடியேறுவதும் இறங்குவதுமாக மாதங்கள் கழிகின்றன. இத்திருவிழாக்களில் மேளச்சமா முடிந்து, வித்துவான்கள் வியர்வை துடைத்துக்கொண்டு எழுந்தபின், வீதியோரத்துத் தேநீர்க் கடை வாங்குகளிலே தொடங்கும் இரண்டாவது சமா ஒன்றுண்டு. கேட்டவர்கள் கேளாதவர்களுக்குச் சொல்ல, கேளாதவர்கள் கேட்டவர்களை மறுக்க, நடுச்சாமம் வரை அது நடக்கும். அங்கே அடிக்கடி அடிபடும் வழக்கொன்றை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். தவிலுக்கு வார் தக்கதா, திருகாணி தக்கதா என்பதே அவ்வழக்கு.

தவிலை அருகிலே பார்த்திராத இளம் நேயர்களுக்காக ஒரு சொல். பலாமரக் குற்றியைக் குடைந்து செய்த உருளை அது. இரண்டு முகங்களிலும் தோல். வலந்தலை இறுகியிருக்கும், தொப்பி என்று சொல்லப்படும் இடப்பக்கம் தளர்ந்திருக்கும். வலக்கை விரல்களிலே துணியும் பசையும் சேர்த்துச் சுற்றி உலர்த்திய கூடுகளை மாட்டிக்கொண்டு வலந்தலையை வாசிப்பார்கள், இடக்கையிலே பூவரசங்கழி. முற்காலத்தில் இவ்விரு முகங்களையும் பிணைத்து நின்றது தோல்வார். ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு மாறி மாறி ஓடிவரும் அவ்வாரை இழுத்து இறுக்குவதென்றால் சாமானிய வேலையன்று. தவிலைக் காலால் மிதித்துப் பிடித்து, உடம்பின் பாரமெல்லாம் பின்னே சாய, ஆள் மாறி ஆள் இழுக்க வேண்டும். இன்றோ வாரின் இடத்தை உலோக வளையங்களும், இரு வளையங்களையும் இணைக்கும் கம்பிகளும், திருகாணிகளும் பிடித்துவிட்டன. ஒரு ஸ்பனர் இருந்தாற் போதும். பதினைந்து வயதுப் பையன் தனியே உட்கார்ந்து, கோயில் மடப்பள்ளியில் பொங்கல் வேகுமுன் தன் தவிலை இறுக்கிவிடுவான்.

இதிலே வழக்கு எங்கே வந்தது என்று கேட்கலாம். வார்க் கட்சியாரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. தோலை இழுப்பது தோலாக இருக்கும்போது அதிலே ஓர் இசைவு, ஒரு விட்டுக்கொடுப்பு இருந்தது. அடி விழுந்ததும் நாதம் சற்றே உருண்டு வெளிப்பட்டது. திருகாணி வந்தபின் நாதம் வெடிப்பாகிவிட்டது, கூர்மை உண்டு, குளிர்ச்சி இல்லை என்பது அவர்கள் சொல்வது. இரும்பு தோலிலும் பாரம் கூடியது. தோளிலே மாட்டிக்கொண்டு உள்வீதி, வெளிவீதி என்று சுவாமியோடு சுற்றிவருபவருடைய முதுகு அதை அறியும். மூன்றாவது வாதமே ஆழமானது. வார் பிடித்துப் பழகிய சீடன் தோலின் குணத்தை விரலால் அன்றி உடம்பால் அறிந்தான். ஸ்பனர் பிடிப்பவன் எண்ணிக்கையை அறிவான், தோலை அறியான் என்கிறார்கள்.

திருகாணிக் கட்சியார் இதற்கு நீண்ட மறுப்பெல்லாம் சொல்வதில்லை. மார்கழித் திருவெம்பாவைக்கு வந்து வாசித்துப் பாருங்கள் என்பார்கள். வன்னியில் ஐப்பசி தொடங்கித் தை வரை வடகிழக்குப் பருவமழை. விடியற்காலைக் குளிரிலே, குளக்காற்றிலே, தோல் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடும். கச்சான் காற்று வீசும் காலத்திலோ அதே தோல் வெடிக்கும்வரை இறுகும். பருவத்துக்குப் பருவம், நாளுக்கு நாள், ஒரே நாளில் பூசைக்குப் பூசை மாறும் தோலை, ஆள் கூட்டி இழுக்கும் வாரைக்கொண்டு எத்தனை முறை திருத்துவது? திருகாணியில் அரைச் சுற்று. கதை முடிந்தது.

இத்தகைய வழக்கு நம் ஊர்த் தேநீர்க் கடைக்கு மாத்திரம் உரியதென்று எண்ணிவிடலாகாது. கடல்களுக்கப்பால் மேனாட்டுச் சங்கீதக்காரரும் இதே பாட்டைத்தான் வேறு இராகத்தில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவிலே, கலிபோர்னியா மாநிலத்துப் புல்லர்ட்டன் என்னும் ஊரில், லியோ பெண்டர் என்பவர் 1951 ஆம் ஆண்டில் மின்சாரப் பேஸ் கித்தார் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் கீழ்ச்சுரம் வாசிப்பவர், ஆளுயரப் பெருவயலினை நிமிர்த்திவைத்து, கழுத்திலே மெட்டில்லாத இடத்தில் காதையே நம்பி விரல் வைக்க வேண்டியிருந்தது. பெண்டர் அதைக் கித்தாரைப் போலத் தோளிலே மாட்டக்கூடிய பலகையாக்கி, மெட்டுகளும் பதித்தார். மெட்டு இருப்பதால் சுரம் தவறாது. ஆகவே 'பிரிசிஷன்', அதாவது துல்லியம், என்று பேரிட்டார். நான்கு தந்தி, தந்தியின் நீளம் 34 அங்குலம். 1957 இல் ஒலிவாங்கும் சுருளை இரண்டு துண்டாக்கி மாற்றியமைத்தார்கள். 1960 இல் ஒடுங்கிய கழுத்தும் இரு சுருள்களும் உடைய 'ஜாஸ் பேஸ்' வந்தது. அவ்வளவுதான். அறுபது எழுபது ஆண்டுகள் கடந்தும் அவ்விரண்டு உருவங்களே உலகமெங்கும் மேடைகளில் நிற்கின்றன. இளையராஜா 1976 இல் 'அன்னக்கிளி' மூலம் திரையுலகில் புகுந்த பின், தமிழ்ப் பாட்டுக்குள்ளே தனியாக ஒரு பாட்டுப் போல ஓடிய கீழ்ச்சுரங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கும் அவ்வாத்தியம் அந்நியமன்று. நம் ஊர்த் திருவிழா இரவுகளில் இசைக்குழு ஏறும்போது, முன்னால் நிற்கும் பாடகரை எல்லாரும் பார்க்க, பின்னால் ஓரமாக நின்று நெஞ்சுக்கூட்டை அதிரவைப்பவர் அவரே.

அந்தப் பழைய உருவத்தைப் புதுக்கலாமா என்பதிலே பேஸ் வாசிப்போர் இன்று வரை கட்சி பிரிந்திருக்கிறார்கள். நான்கு தந்தி போதாது, கீழே ஐந்தாவது வேண்டும் என்கிறார் ஒருவர். தடித்த ஐந்தாவது தந்தி 34 அங்குலத்தில் தொய்கிறது, ஆகவே கழுத்தை 35 அங்குலமாக்குவோம் என்கிறார் அடுத்தவர். கழுத்து மரத்தைச் சூட்டிலே வாட்டினால் ஈரம் பிடியாது, கோணாது என்கிறார் இன்னொருவர். பலகையைப் பாரம் குறைக்கலாம் என்பாரும், குறைத்தால் நாதம் மெலியும் என்பாரும் எதிரெதிரே நிற்கிறார்கள். இவையெல்லாவற்றையும்விட வாய்த்தர்க்கம் மிகுந்தது, வாத்தியத்தின் வயிற்றுக்குள்ளே சிறு பற்றரி வைத்து ஒலியைத் திருத்தும் ஏற்பாட்டைப் பற்றியது. 1976 இல் 'மியூசிக் மேன்' என்ற நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டிங்ரே' என்னும் பேஸ் அதைப் பரவச் செய்தது. அந்நிறுவனத்திலும் கைகோத்து நின்றவர் யார் என்றால், அதே லியோ பெண்டர்! பழைய உருவமே வேதம் என்று பிடிவாதம் பிடிப்போர், அவ்வேதத்தை எழுதியவரே அதைத் திருத்த உட்கார்ந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். இன்னொரு வேடிக்கை: இத்தனை கித்தார்களை உலகுக்குத் தந்த அம்மனிதருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது.

நம்மவர்களிலே இதற்கு நிகரான கதை நாதஸ்வரத்தின் கதை. முன்னாளில் வழங்கியது திமிரி. குட்டையான குழல்; நாலரை, ஐந்து கட்டைச் சுருதி. திறந்த வீதியிலே, வெடிச் சத்தத்துக்கும் சனக்கூட்டத்துக்கும் மேலே எழவேண்டிய நாதம் அப்படித்தான் இருக்க முடியும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அதிலே நிறைவுறவில்லை. விஸ்தாரமான ஆலாபனைக்குத் திமிரியின் கீச்சுச் சுருதி இடங்கொடுக்கவில்லை. சுத்த மத்திமம் துவாரத்திலே நேரே பேசாமல், மூச்சாலும் உதட்டாலும் வருவிக்க வேண்டிய சுரமாயிருந்தது. கும்பகோணத்துக்கு அருகேயுள்ள நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி என்னும் கைவினைஞரோடு அவர் கூடி, நீண்ட குழலாகிய பாரியைத் திருத்தமுற அமைத்துக்கொண்டார். இரண்டு, இரண்டரைக் கட்டை. மத்திமம் தன் துவாரத்திலேயே சுத்தமாகப் பேசிற்று. ஏழு விரல் துவாரங்கள், கீழே மெழுகடைத்துத் திருத்தும் ஐந்து துவாரங்கள், நாணற் சீவாளி, ஆச்சா மரம் எல்லாம் பழையனவே. நீளமும் துவாரத்தின் இடமுமே புதியன. இன்று யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நாம் 'பழைய சம்பிரதாயம்' என்று கண்மூடிக் கேட்டு மகிழ்வது இந்தப் புதிய குழலைத்தான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022 இல் இந்திய அரசின் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு தலைமுறையின் புதுமை அடுத்த தலைமுறையின் பழைமையாகிவிட்டது.

நாதஸ்வரத்தில் வென்ற புதுமைக்கும் தவிலில் வழக்காடும் புதுமைக்கும் ஒரு வேறுபாடு உண்டென்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாரி, வாசிப்பவருடைய காது கேட்டுப் பிறந்தது. வேண்டிய சுரம் ஒன்று. அதைத் தரும் குழல் ஒன்று. திருகாணி அப்படியன்று. அது காது கேட்டுப் பிறந்ததன்று, கை நொந்து பிறந்தது. கை நோவும் ஒரு காரணமே. ஆனாற் காதை அது தானாகத் திருப்திப்படுத்திவிடாது. எளிதாக இறுக்கலாம் என்பதாலேயே மிதமிஞ்சி இறுக்கிவிடும் வழக்கம் நம் இளம் வித்துவான்களிடம் இருக்கிறது. திருகாணி தடுப்பதில்லை; தோல் மாத்திரம் கடைசியில் கிழிந்து தடுக்கிறது. யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி (1933–1975) தமிழகத்துப் பெருந் தவில்காரர்களும் வியந்த கைவேகம் படைத்தவர். அவர் ஒலிப்பதிவுகளைக் கேட்பவர், வேகத்துக்குள்ளே தொப்பியின் குமுக்கமும் வலந்தலையின் உடைப்பும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்பதைக் கவனிக்கலாம். வெடிப்பு வேண்டுமென்று வலந்தலையை மட்டும் ஏற்றிக்கொண்டு போனால், தொப்பி ஊமையாகி, ஒற்றைக் காலிலே ஓடும் தவிலாகிவிடும்.

பற்றரியின் கதைக்குத் திரும்புவோம். வன்னியார் அதை வேறெவரையும்விட நன்றாக அறிவர். 1990 ஆம் ஆண்டு தொட்டுப் போர்க்காலத்தில் வன்னியில் மின்சாரம் இருக்கவில்லை. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்கு முன், பொருளாதாரத் தடையில் அகப்பட்ட சாமான்களிலே சாதாரண டோர்ச் பற்றரியும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்திலே வானொலிச் செய்தி கேட்ட சனங்கள் நாங்கள். பேஸ் வாசிப்போர் சிலர், பாட்டின் நடுவிலே பற்றரி செத்தால் வாத்தியமும் செத்துவிடுமே என்று அஞ்சிப் பழைய உருவத்தையே பிடித்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்படும்போது, அவர்கள் பயம் நமக்கு உடனே விளங்குகிறது.

நமது மேளத்திலே பற்றரி புகுந்த இடம் ஒத்து. விரல் துவாரமில்லாத நாதஸ்வரத்தை மடியில் தாங்கி, கன்னம் புடைக்க, ஒரே சுரத்தைத் திருவிழா முழுவதும் ஊதிக்கொண்டிருந்த ஒத்துக்காரரைச் சிறுவராயிருந்தபோது பார்த்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பின்னர் சுருதிப் பெட்டி வந்தது. 1979 இல் பெங்களூரிலே ராஜ் நாராயண் என்பவர் மின்னணுத் தம்புராவை அமைத்தார். இன்று கைபேசியே சுருதி கூட்டுகிறது. இதை நாம் குறைகூற வரவில்லை. மூச்சடக்கி ஊதும் அவ்வேலைக்கு அன்று கிடைத்த கூலியும் மதிப்பும் சொற்பம்; பிள்ளையை ஒத்து ஊத விடுங்கள் என்று இன்று எந்த வீட்டிலே போய்க் கேட்பது? ஆனால் ஒத்து ஊதிய பையனுக்கு வருடக் கணக்காகச் சுருதி காதிலே ஊறிற்று. அவனே பிறகு நாதஸ்வரம் எடுத்தான். கைபேசிக்குக் காதில்லை. அந்தப் பயிற்சியை வேறெங்கே கொடுப்பது என்பதை மேள ஆசிரியர்கள் யோசித்தாக வேண்டும்.

இனி, தேநீர்க் கடை வழக்கிலே பேசப்படாத ஒரு கட்சிக்காரரைப் பற்றி. தோலைப் பதனிட்டு, வாரை அறுத்து, வளையத்தில் மூட்டிக் கொடுத்தவர் அவர். வித்துவானுக்குப் பொன்னாடை; நட்டுவனாருக்குத் தாம்பூலம்; இவருக்குக் கோயிலின் வெளிவாசல். தோலைத் தொடும் தொழில் என்று சொல்லி ஒதுக்கி வைத்துவிட்டு, அத்தோலின் நாதத்தைச் சுவாமிக்கு முன்னே முழக்கி வந்தோம். லியோ பெண்டரின் பேர் ஒவ்வொரு கித்தாரின் தலையிலும் எழுதப்பட்டிருக்கிறது. நம் தவிலில் எவர் பேர் இருக்கிறது? தமிழகத்தில் மிருதங்கம் செய்யும் செபஸ்தியான் குடும்பத்தாரைப் பற்றியும் அவர்களைப் போன்ற பிறரைப் பற்றியும் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020 இல் ஒரு முழு நூலை எழுதினார். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்னும் கைவினைஞரின் உழைப்பு எவ்வளவு நின்றது என்பது அதனால் ஊரறிய வந்தது. இவ்விடத்தில் அப்படியொரு கணக்கை இன்னும் யாரும் எழுதவில்லை. வார் போயிற்றே என்று வருந்துவோர், வார் பிடித்தவருடைய பிள்ளை ஏன் அத்தொழிலை விட்டுப் போனான் என்று ஒருமுறை கேட்கட்டும். அவன் பள்ளிக்கூடம் போய் வேறு தொழில் தேடிக்கொண்டது நாம் வருந்தத்தக்க காரியமா?

2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிச் சனம் முழுவதும் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, ஈற்றில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே கூடாரங்களில் ஒடுங்கியது. உயிரையும் பிள்ளைகளையும் கொண்டு வந்ததே பெரிது. பலாமரத் தவிலைத் தோளிலே சுமந்து வர எவருக்கு முடியும்? அம்முகாம் 2012 இல் மூடப்பட்டது. மீண்டு வந்து, காடு பற்றிய வளவை வெட்டித் துப்புரவாக்கிக் கோயிலுக்குக் கூரை போட்டபின், மேளம் என்ற பேச்சு வந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து மேளகாரரைக் கூலி பேசி அழைப்பதா, நம் பொடியன்களைப் பழக்குவதா என்ற கேள்வி எழுந்தது. பழக்குவதென்றால் தவில் வேண்டும். தவில் வேண்டுமென்றால் தோல் கட்டுபவர் வேண்டும்; கிட்டிய ஊரில் அவர் இல்லை. இந்நிலையிலே, தோல் கட்டிய வளையத்தை வாங்கிவந்து வீட்டிலேயே மாட்டித் திருகக்கூடிய தவில் ஒன்று இருக்கிறதென்றால், அதை வேண்டாமென்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. முல்லைத்தீவிலிருந்து ஒரு கிழிந்த தோலுக்காகத் தவிலைப் பஸ்ஸிலே ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்த் திரும்புவதற்குள், இரண்டு திருவிழா ஒப்பந்தம் கைநழுவிவிடும்.

ஆகவே திருகாணி இருக்கட்டும் என்பதே எமது அபிப்பிராயம். ஆனால் எல்லாப் புதுமைக்கும் இதே தீர்ப்பென்று யாரும் நம்மைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். மிருதங்கத்துக்குத் தோலுக்குப் பதிலாகச் செயற்கைத் தகடு வந்திருக்கிறது. மழைக்கு அஞ்சாது, மிருகத்தோலை விரும்பாதாருக்கும் ஏற்றது. பாடசாலையிலே பாடங் கற்கும் பிள்ளைக்கு அது உதவும். கோயில் வீதியிலே தவிலுக்கு அதை மாட்டிப் பார்க்கும் நாள் வந்தால், முதலில் தொப்பியைக் கேட்டுப் பார்த்துவிட்டே காசை எண்ணவேண்டும். வளைந்து குமுங்கும் அந்த ஒலி தளர்ந்த தோலிலே பிறப்பது. விறைத்த தகட்டிலே அதைத் தேடுவது கடினம்.

ஒலிபெருக்கியைப் பற்றியோ எமக்கு ஐயமே இல்லை. ஊர் கேட்கவென்றே பிறந்த வாத்தியங்கள் தவிலும் நாதஸ்வரமும். அவற்றின் வாயிலே மைக்கை வைத்து, கோபுர வாசலிலும் தேர்முட்டியிலும் பனைமரத்திலும் குழாய் கட்டி அலறவிடுவது எதற்கு? பாலக்காடு மணி ஐயர் மிருதங்கத்துக்கே மைக் வேண்டாமென்று மறுத்து, மைக் இல்லாத கச்சேரிகளை வற்புறுத்தினார். மிருதங்கத்துக்கே வேண்டாததைத் தவிலுக்கு மாட்டுவதிலே என்ன நியாயம் இருக்கிறது? ஒலிபெருக்கியில் அகப்பட்ட தவில் வாராயிருந்தாலென்ன, திருகாணியாயிருந்தாலென்ன, எல்லாம் தகரத்திலே மழை பெய்வது போலத்தான் கேட்கும். வார்க் கட்சியார் 'குளிர்ச்சி போயிற்று' என்று சொல்லும் குற்றத்திலே பாதியைத் திருகாணியின் தலையிலிருந்து இறக்கிக் குழாயின் தலையிலே சுமத்தலாம் என்று நமக்குப் படுகிறது. வழக்கைத் தீர்க்க விரும்பும் கோயில் தருமகர்த்தாக்கள், ஒரே ஒரு திருவிழாவில், ஒரே ஒரு சமாவுக்கு, குழாயை நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். இரு கட்சித் தவிலையும் பக்கத்திலே பக்கத்திலே இருத்தி, சனங்களை நெருங்கி உட்காரச் சொன்னாற் போதும்.

இதற்கிடையில், திருகாணித் தவில் வைத்திருக்கும் முல்லைத்தீவுக் கரையோரத்து நேயர்களுக்கு ஒரு சொல். உப்புக் காற்று இரும்பை விடாது. துருப்பிடித்த ஆணி சுற்ற மறுக்கும். பலங்கொண்டு சுற்றினால் முறியும். முறிவது பெரும்பாலும் கொடியேற்றத்துக்கு முதல் நாளாகவே இருக்கும். வாங்கும்போதே துருவேறாத உருக்கில் செய்த வளையமும் ஆணியும் கேட்டு வாங்குங்கள்; விலை சற்றுக் கூடும். இரும்பே கைக்கு வந்ததென்றால், மாதத்துக்கொருமுறை ஆணிகளைக் கழற்றித் துடைத்து, மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டு, தோலிலே எண்ணெய் படாமல் மாட்டுங்கள். எதிரெதிர் ஆணிகளாக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகச் சுற்றவேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் வளையம் சாயும், தோல் ஓரத்திலே கிழியும். வாசித்து முடித்த இரவிலே வலந்தலையைச் சற்றுத் தளர்த்தி வைத்துவிட்டுப் படுக்கப் போவது நல்லது.